பி.டி. சார் போட்ட வரிசை

முகக்கவசத்தைக் கழற்றாமலே விசில் ஊதப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பி.டி. சார் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். முதல் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய ஒரு சந்து முனையில் நின்றிருந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய விசிலை எடுத்து, பழக்க தோஷத்தில் அப்படியே வாயில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதினார். துணிக்கு வெளியே விசில், துணிக்கு உள்ளே காற்று. 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. "இன்னா மேடம், வெறும் காத்துதான் வருது" என்று விசிலைக் கையில் தட்டிப் பார்த்தார். நான் சிரித்த சிரிப்பில் என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போது நான் அந்தப் பகுதியில் இருந்த ஒரு மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. அடிப்படையில் கணக்கு டீச்சர். மார்க் போடுவதில் கஞ்சப் பிசினாறி என்று பிள்ளைகள் மத்தியில் எனக்கு நல்ல பெயர். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். பி.டி. சாரோ இதற்கு நேர் எதிர். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குப் பதிலாக விசில்தான் பேசும். நீளமாக ஒன்று ஊதினால் வரிசையில் வா என்று அர்த்தம். குட்டையாக இரண்டு ஊதினால் கையை நீட்டி இடைவெளி விடு. எந்தப் பாடத்துக்கு நேரம் போதாவிட்டாலும் முதல் வெட்டு பி.டி. பீரியடுக்குத்தான் விழும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இதுதானே வழக்கம். அதற்கெல்லாம் அவர் முணுமுணுக்கக்கூட மாட்டார். ஆனால் காலைப் பிரேயருக்குப் போடும் வரிசையில் மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். உயரத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம். வருஷ ஆரம்பத்தில் கொடுத்தால் கொடுத்ததுதான். ஒரு பிள்ளை வரவில்லையென்றால் அந்த இடம் காலியாகவே கிடக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் நகர்ந்து வந்து நிரப்பக் கூடாது. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறதே சார், இடைவெளியை மூடச் சொல்லுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "லீவு போட்டா எடம் போயிடுமா மேடம்? அது அந்தப் புள்ளையோட எடம்" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

பள்ளியை மூடியபோது எங்களுக்குப் பிள்ளைகளோடு இருந்த தொடர்பு பட்டென்று அறுந்து போனது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் ஆன்லைன் வகுப்பு. ஜன்னலுக்கு ஜன்னல் டீச்சர்களின் குரல் கேட்கும். "உங்க கார்ப்பரேஷன் ஸ்கூல்ல என்ன பண்ணிடுவாங்க, பாவம்" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் பரிதாபப்பட்டார். எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. பரிதாபம் யாருக்கு வேண்டும்? எங்கள் பிள்ளைகளின் வீட்டில் ஒரு போன் இருந்தால் அதிகம், அதுவும் அப்பாவோடு வெளியே போய்விடும். கூப்பிட்டால் பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. மூட்டைகளும் வந்து இறங்கிவிட்டன. வாங்கிக்கொள்ள வரச் சொல்வதற்கு ஆளைப் பிடிக்க முடியவில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தபோது, மேசைக்கு எதிரே நின்றிருந்த பி.டி. சார், "நம்மளே போயி ஊதிப் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டார். அப்படித்தான் அந்தச் சந்து முனையில் போய் நின்றோம்.

என் சிரிப்பு அடங்கியதும் அவர் தள்ளிப் போய் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று, முகக்கவசத்தை இறக்கி, நீளமாக ஒன்று ஊதினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு கதவு திறந்தது. அதன் பிறகு அந்தச் சந்தில் எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. கைலியோடு ஒருவன், பாதி பின்னிய சடையோடு ஒருத்தி, தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒருத்தி. "டோய், நம்ம பி.டி. சாருடா!" என்று கத்திக்கொண்டு திமுதிமுவென்று ஓடி வந்தார்கள். நாலு பேர் கூடினாலே கேஸ் போடுகிற காலத்தில் நாங்களே ஊதி ஊதிக் கூட்டம் கூட்டிவிட்டோம்! அந்த நேரம் பார்த்துத்தானா சுகாதார ஆய்வாளரின் வண்டி தெருவில் திரும்ப வேண்டும்? சார் பதறவில்லை. குட்டையாக இரண்டு ஊதினார். பிள்ளைகள் கையை நீட்டினார்கள், நகர்ந்தார்கள், நின்றார்கள். ஆய்வாளர் வண்டியை விட்டு இறங்கியபோது அந்தச் சந்து முழுக்க ஒரு கை தூரத்துக்கு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. மார்க்கெட்டில் வட்டம் வட்டமாகச் சுண்ணாம்பில் கோடு போட்டும் பெரியவர்கள் நிற்காத நிற்பு அது. திட்டுவதற்குத் திறந்த வாயை அவர் அப்படியே மூடிக்கொண்டார். "யார் சார் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார். என் உச்சி குளிர்ந்து போனது, மறைப்பானேன்.

ஆனால் சார் அவரைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடுமா, அந்தச் சந்திலும் பிள்ளைகள் அவரவர் இடத்தில்தான் நின்றிருந்தார்கள். வராதவர்களின் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு காலியிடத்துக்கும் முன்னால் போய் நின்று விசாரித்தார். அவன் ஆரணிக்குப் போயிட்டான் சார், அவளுக்குக் காய்ச்சல் சார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். யாரைத் தேடிப் போக வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கியது. பத்தாம் வகுப்புப் பெண்கள் வரிசையின் தொடக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. கோ-கோ அணியின் கேப்டனுடைய இடம். அவள் குடும்பத்தை ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அரசாங்கம் மாற்றியிருந்தது. ஊரடங்கு வரும்வரை தினமும் இரண்டு பஸ் மாறி எங்கள் பள்ளிக்கே வந்துகொண்டிருந்தாள். "அது இனிமே ஸ்கூலுக்கு வராதாம் டீச்சர்" என்றாள் ஒரு பெண். "மாஸ்க் தைக்குது. நாளு பூரா மிசினாண்டதான் குந்திக்கினு கீது."

மறுநாளே சாருடைய ஸ்கூட்டரில் அரிசி மூட்டைக்கும் அவருக்கும் நடுவில் என்னைச் செருகிக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். போலீஸ் மறித்த இடத்திலெல்லாம் நான் அடையாள அட்டையை நீட்டி, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன். விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா அடையாறு அடுக்ககங்களில் வீட்டு வேலை பார்த்தவர். கேட்டிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் ஆட்டோவுக்குச் சவாரி இல்லை. தி.நகர் கடைக்காரர் ஒருவர் வெட்டிய துணியைக் கொடுத்து முகக்கவசம் தைத்து வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குத் தையல் தெரியாது, மகளுக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் பள்ளித் தையல் டீச்சர்தான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "படிப்பு எங்க டீச்சர் ஓடிடப் போவுது?" என்றார் அந்தம்மா, கதவை மறித்து நின்றபடி. "இந்த வருசம் இல்லாங்காட்டி அடுத்த வருசம். வவுறு அப்டி வுடுமா?" கொண்டுவந்த அரிசியை வாங்கிக்கொண்டார், கும்பிட்டார், ஆனால் வழிவிடவில்லை. பத்தாவதில் நின்ற பெண் அடுத்த வருஷம் வந்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. முதலில் வேலை, அப்புறம் கல்யாணம், அதோடு சரி. அதைச் சொன்னேன், சத்தம் போட்டேன், கெஞ்சியும் பார்த்தேன். உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டியது.

சார் படியிறங்கிக் கீழே போய், கட்டடங்களுக்கு நடுவில் இருந்த வெட்டவெளியில் நின்று ஊதினார். ஆற்றோரத்திலிருந்து அங்கே மாற்றப்பட்டிருந்த எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஓடி வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே மற்றப் பள்ளிப் பிள்ளைகளும், எந்தப் பள்ளியிலும் சேராத பொடிசுகளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. இரண்டு ஊதியதும் எங்கள் பிள்ளைகள் கையை நீட்ட, மற்றவை புரியாமல் இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றன. சார் வேண்டுமென்றே அதைச் சரிசெய்யாமல் விட்டார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பார். மேலே மெஷின் நின்றது. ஜன்னலில் அந்தப் பெண்ணின் தலை தெரிந்தது. "ஏய்! கோணலா நிக்காதீங்கடா! நீல சட்டை, உன்னத்தான், பின்னாடி போ!" என்று அங்கிருந்தே ஒரு சத்தம். அவன் பின்னால் போகாமல் முன்னால் வந்தான். அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை. கழுத்தில் நூலும் தலையில் பஞ்சுமாக அம்மாவையும் என்னையும் விலக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் அந்தம்மாவைப் பார்த்தேன். "சின்னதுலேர்ந்தே இப்பிடித்தான் டீச்சர் இது" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்ததை நான் கவனித்தேன்.

காலையில் படிப்பு, மத்தியானத்துக்கு மேல் தையல் என்று அன்றைக்கே ஒப்பந்தம் ஆனது. கட்டடத்துக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடம்தான் வகுப்பறை. வண்டி வைத்திருந்த ஆசிரியர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். தமிழ் ஐயா தன் பெண் கொடுத்த பழைய போனில் பாடத்தை இறக்கிக்கொண்டு வந்து காட்டினார். கரும்பலகைக்குப் பதில் தூணில் எழுதினோம். யார் எந்தப் பள்ளி என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைப்பது கேப்டன் பொறுப்பு. ஆசிரியர் வராத நாளில் வாய்ப்பாட்டை அவளே ஒப்பிக்க வைத்தாள் என்று அப்புறம் தெரிந்தது. என் பள்ளி பூட்டிக் கிடக்கவில்லை, பெரும்பாக்கத்தில் நடந்துகொண்டிருந்தது என்று எதிர்வீட்டுக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கேட்கவில்லைதான், நானாகத்தான் சொன்னேன்.

பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தபோது அவள் முதல் நாளே வந்துவிட்டாள். ஆனால் கொஞ்ச வாரங்களில் அறிவிப்பு வந்தது. பொதுத்தேர்வு கிடையாது, எல்லோரும் பாஸ். பள்ளியே கூத்தாடியது. அவள் மட்டும் என் அறைக்கு வந்து முறைத்துக்கொண்டு நின்றாள். "தெருவுல எல்லாம் கொரோனா பாஸுன்னு சிரிக்கிறாங்க டீச்சர். நான் தூணப் பாத்துப் படிச்சேன். எனக்குப் பரீச்ச வைங்க." அது எதற்கும் உதவாது, எங்கேயும் சேராது என்று விளக்கினேன். அவள் கேட்டாளா? பொதுத்தேர்வு மாதிரியே கேள்வித்தாள் தயாரித்தேன். வந்து பார்த்தால் அவள் ஒருத்தி இல்லை, பெரும்பாக்கத்தில் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். சார் ஒரு கை தூரத்துக்கு ஒருவராக உட்கார வைத்து, காப்பி அடிக்க விடாமல் நடந்துகொண்டே இருந்தார்.

எல்லாப் பாடத்திலும் அவள் தேறினாள், என் கணக்கில் மட்டும் போய்விட்டது. கொஞ்சத்தில்தான் போனது. "போட்டு வுடுங்க மேடம், எங்கயும் சேராத மார்க்குதான" என்று சார் எனக்குப் பின்னாலேயே சுற்றினார். எத்தனையோ வருஷ சர்வீஸில் அவர் என்னிடம் கேட்ட ஒரே சலுகை அதுதான். எங்கேயும் சேராத மார்க் என்பதால்தான் சார் சரியாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் அவர் என்னோடு சாப்பிடவில்லை.

சாரும் நானும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டோம். இன்றைக்கும் நாங்கள் போனில் பேசினால் அந்த மார்க்கைச் சொல்லி என்னைக் குத்தாமல் வைக்க மாட்டார். அந்தப் பெண் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். தொற்று, ஊரடங்கு என்றெல்லாம் யாராவது பேச்செடுத்தால் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்தக் கணக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்த சாயங்காலம் நினைவுக்கு வரும். தாளை வாங்கி நின்று நிதானமாகப் பார்த்தாள். சாரைப் பார்த்து, "டீச்சர் சரியாத்தான் போட்டு கீறாங்க சார்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, வர்ற வாரம் கணக்கு மட்டும் மறுபடி எழுதுகிறேன் என்றாள். அவளை அழைத்துப் போக வந்த அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலை கெடும் என்று சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது.

"தையல் நான் கத்துக்கினேன் டீச்சர். மிசின நான் பாத்துக்கறேன், நீங்க அதுக்குப் பரீச்ச வைங்க."