ருக்மணி எழுதிய இரண்டாம் பக்கம்

நிஜாம் ஆட்சியின் கடைசி வருஷங்கள். ஹைதராபாத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் லெக்சரராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் காக்கி உடுப்போடு ஒருவர் நின்றிருந்தார். என் மாணவி ருக்மணியின் அப்பா முனுசாமி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வட ஆற்காட்டுக்காரர். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். கையில் மகளின் நோட்டு.

"எம் பொண்ணு பேர அடிச்சிடுங்க, டீச்சரம்மா. பெத்த அப்பன கொலகாரன்னு எழுதிக்கீறா."

நான் நடத்திய பாடம், பண்டைய சமூகங்களிலும் நவீன சமூகங்களிலும் குடும்பம். பழைய சமூகம் ஒன்றின் குடும்பத்தை உங்கள் வீட்டோடு ஒப்பிட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். அது இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. "நீங்களே பேசி முடியுங்கள். முடியாவிட்டால் பெயரை எடுத்துவிடுகிறேன்" என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

காலியாக இருந்த ஒரு வகுப்பில் அவரை உட்காரவைத்தேன்.

"இதில் என்ன இருக்கிறது என்று யார் சொன்னது?"

"எங்க காலனி கிளார்க். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். புள்ளைய கொல்ல அப்பனுக்கு உரிமை உண்டுன்னு எழுதியிருக்குதாம்."

நோட்டை வாங்கி வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முதல் பக்கம் முழுக்க ரோமாபுரி. அங்கே தகப்பன் பிள்ளையை விற்கலாம், கொல்லவும் செய்யலாம். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தைத் திருப்பினேன்.

"எங்கள் வீட்டில் அப்படி இல்லை. போன தை மாதம் அத்தை எனக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தாள். அப்பா என்னைக் கேட்டார். படிக்கிறேன் என்றேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அத்தை அவரோடு பேசுவதில்லை."

அவர் நிமிர்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"இத்த அந்தாளு படிக்கலியே."

"முதல் பக்கத்தோடு நிறுத்தியிருப்பார்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ பேர அடிக்க வேணாம், டீச்சரம்மா. ஆனா ஒண்ணு தப்பா எழுதிட்டா."

"என்ன?"

"நான் மாப்பிள்ள வூட்டுக்காரங்ககிட்ட சரின்னு சொல்ல இருந்தேன். அவ அம்மாதான், பொண்ண ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுன்னா. அதயும் எழுதச் சொல்லுங்க."

மறுநாள் ருக்மணி வகுப்புக்கு வந்தாள். அப்பா சொன்னதை அவளிடம் சொன்னேன். அவளுக்கே அது தெரியாது. அங்கேயே உட்கார்ந்து, அம்மாவைப் பற்றி நான்கு வரி சேர்த்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இதே பாடத்தை நடத்தினேன். வீட்டைப் பற்றி எழுதச் சொல்லும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: எழுதியதை வீட்டில், வீட்டுப் பாஷையில், கடைசி வரி வரை படித்துக் காட்டிவிட்டு என்னிடம் கொடுங்கள். அவர்கள் திருத்திக் கொண்டுவந்தவற்றிலிருந்துதான் குடும்பத்தைப் பற்றி நான் அதிகம் படித்தேன்.