தம்பியின் காலில் ஓர் ஈரம்

ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் நோயாளிக்குப் புதிதாகக் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி. கோடையில் ஒரு கட்டுரை வெளியானது. ஆபரேஷன் காயத்தில் நீர் கசிந்தாலே பயந்துபோய் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள். காய்ச்சலோ சிவப்போ வீக்கமோ இல்லையென்றால் கட்டைச் சுத்தமாக மாற்றிவிட்டுக் கவனித்தாலே போதும் என்று அதில் எழுதியிருந்தேன். வேண்டாத மருந்தைக் கொடுத்துக் கொடுத்துத்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்துவிடுகிறோம் என்றும்.

மழைக்காலத்தில் தம்பி விழுந்தான். ஷிஃப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோயிலருகே வரும்போது பைக் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள்.

அந்த வார்டில் என்னால் உட்கார முடியவில்லை. ஸ்டூலில் உட்காருவேன், எழுந்து குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பேன், கட்டிலருகே யார் வந்தாலும் அவர்கள் கையைப் பார்ப்பேன். தம்பி மனைவி நான் கூட இருப்பதால் தைரியமாக இருந்தாள். அண்ணி இதையே படித்தவர் என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். தம்பிக்குத்தான் எரிச்சல்.

"இன்னாக்கா, என் மூஞ்சிய ஒரு தபா பாரேன். வந்ததுலேர்ந்து காலையே பாத்துகினு கீற."

அன்று மாலை அவன் கால் கட்டின்மேல் ஓர் ஈரத் திட்டு தெரிந்தது. சிறிய எலுமிச்சை அளவு. இப்படிப்பட்ட கட்டுகளை எத்தனையோ பார்த்தவள். இருந்தும் உடனே டாக்டரைத் தேடிப் போனேன். அவர் வந்து கட்டைப் பிரித்து, தையலைச் சுற்றித் தொட்டுப் பார்த்தார். தெளிந்த நீர்தான், காய்ச்சலும் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். எதற்கும் இருக்கட்டும், இன்றைக்கே ஆன்டிபயாட்டிக் ஊசியை ஆரம்பித்துவிடுங்கள் என்று நான் கேட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க பேப்பரைப் படிச்சுட்டுதான் மேடம் இந்த வார்டுல அப்படிக் கொடுக்கறத நிறுத்தினோம். உங்க தம்பிக்கு மட்டும் கொடுக்கட்டுமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நான் ஆமாம் என்றால் கொடுத்திருப்பார்.

"வேணாம், பாக்கலாம்" என்றேன். சொன்ன மறுநிமிடமே ஓடிப்போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்றிருந்தது.

மறுநாள் காலை மாமல்லபுரத்தில், கடலோர ஓட்டல் ஒன்றில், டாக்டர்கள் கூட்டத்தில் இதே கட்டுரையைப் பற்றி நான் பேச வேண்டும். போனேன். திரையில் நீர் கசியும் காயத்தின் படம் வந்தபோது வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது, கண் மேஜைமேல் இருந்த போனில் இருந்தது. முடிக்கும் நேரத்தில் அது அதிர்ந்தது. கேள்விகளுக்கு நிற்காமல் வெளியே வந்தேன்.

"உடம்பு சுடற மாதிரி கீது அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

நர்ஸைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் ஒரு வாடகைக் காரில் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சிக்னல் விட்டு விட்டு வந்தது, அவள் எடுக்கவில்லை. அந்தக் காரில்தான் எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது: காய்ச்சல் என்றால் இனி மருந்தைத் தயங்காமல் கேட்கலாம். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. தம்பிக்குக் காய்ச்சல் வரட்டும் என்றா நினைக்கிறேன் என்று பதறி, ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது அவன் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை. குளிருமென்று அவள் ஃபேனை நிறுத்திக் கம்பளியைக் கழுத்துவரை போர்த்தியிருக்கிறாள், அந்தச் சூடுதான். டாக்டர் என் கண்முன்னாலேயே கட்டைப் பிரித்தார். ஈரம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த வாரத்துக்குள் முழுதும் காய்ந்தது. பொங்கல் பண்டிகைக்குப் பிறகு அவன் வேலைக்கும் போய்விட்டான்.

கட்டுரை சொன்னது சரிதான். ஆனால் 'கவனித்தால் போதும்' என்ற அந்த வரியை இப்போது என்னால் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. கவனிக்கிற நேரத்தில் வீட்டு மனிதர்களிடம் என்ன பேசுவது என்று அதில் நான் எழுதவே இல்லை. அதைத்தான் இப்போது வார்டு வார்டாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவிடம், உங்களுக்கு என்ன சொன்னால் தைரியம் வரும் என்று கேட்டேன். அவர் தன் மகன் வயிற்றுக் கட்டைக் காட்டி, "நீயே வந்து பாரும்மா" என்றார். குனிந்து பார்த்தேன்.