மூன்று அடி, பிறகு ஒரு சும்மா

மார்கழியில், கொடைக்கானல் மலைமேல் எங்கள் பூண்டியில், கேரட் கழுவுகிற தண்ணீரில் கை வைத்தால், கொஞ்ச நேரத்தில் அந்தக் கை நம்முடையது இல்லை என்று ஆகிவிடும். ஒரு வருடம் அந்த மாதம் முழுக்க, நாங்கள் ஷெட்டுக்குப் போகும்போது மூலையில் ஒரு வாளி வெந்நீர் மூடி வைத்திருக்கும். தரம் பிரிக்கிற ஆறு பெண்களும் நடுநடுவே போய்க் கையை நனைத்துக்கொள்வோம். முதலாளி திருமலைச்சாமி வைக்கச் சொன்னது என்று நினைத்து அவரை வாழ்த்திக்கொண்டிருந்தோம். தை பிறந்த பிறகுதான், அரை மணி நேரம் முந்தி வந்து விறகு மூட்டியது மிஷின் ஓட்டுகிற செல்வமுருகன் என்று தெரிந்தது. கேட்டதற்கு, தனக்கு டீ போட வைத்ததில் மீதி என்றான். ஒரு வாளி மீதி.

செல்வமுருகனுக்கு அப்போது இருபத்தாறு வயது. தாத்தா காலத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கேரட் கழுவுகிற டிரம் அவன் பொறுப்பு. அது பெரிய இரும்பு உருளை, உள்ளே நாலு பலகை. உருளை சுற்றும்போது பலகை கேரட்டை அள்ளி மேலே கொண்டுபோய்ப் போடும். நாலாவது பலகை ஒடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதனால் தொப், தொப், தொப் என்று மூன்று அடி விழும், நாலாவது இடம் சும்மா இருக்கும். எங்களுக்கு அது ஒரு சத்தமாகவே படாது.

அவன் மட்டும் அந்தச் சத்தத்துக்கு ஏற்ப வேகவேகமாகப் பேசுவான். சும்மா கிடக்கிற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வான். இதுதான் ஹிப் ஹாப் என்றான். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். கோயிலில் பாடுகிறதுதான் எனக்குப் பாட்டு. இருந்தாலும் அவன் சொன்னதெல்லாம் புரிந்தது. மூட்டை, பனி, பஸ் வராத நாள், இதுகளைப் பற்றித்தான் இருக்கும்.

கொடைக்கானல் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிற ஜாசிமும், காலேஜ் முடித்துவிட்டு எங்களோடு தரம் பிரிக்க வந்த ரம்யாவும் அவனோடு சேர்ந்தார்கள். குழுவுக்குக் கொண்டை ஊசி என்று பேர். எட்டுப் பாட்டு செய்து, ‘மண்ணோடு’ என்று ஆல்பம் போட்டார்கள். டிரம் நின்றால் ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டு முதலாளி வந்துவிடுவார். ஆகையால் அதை ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பதிவு செய்தார்கள். எட்டுப் பாட்டிலும் டிரம் இருக்கிறது.

பிறகு விமர்சனம் வந்தது. டீ நேரத்தில் ரம்யா செல்போனைப் பார்த்து வாசித்தாள். சென்னையில் இணையப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். நாலாவது அடியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அது மலை உழைப்பாளியின் நொண்டி நடை, இந்தத் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்றார். இன்னொருவர், வார்த்தை நன்றாக இருக்கிறது, கோபம் பத்தாது என்றார். யூடியூபில் ஒரு தம்பி, பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று பத்துக்கு இரண்டு கொடுத்தார். மூன்று பேரில் உண்மைக்குப் பக்கத்தில் வந்தவர் அவர்தான்.

எங்களில் மூத்தவள் பாப்பம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏலே செல்வம், நீ நேராத்தானலே நடக்க?” என்றாள்.

அந்தச் சென்னைக்காரர் போனும் செய்தார். கோயம்புத்தூரில் பெரிய மேடை, ஐந்து குழு பாடப்போகிறது, எந்தக் குழு என்று சொல்வது அவர் கையில். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, அந்தத் தாளம் எப்படித் தோன்றியது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அழைப்பையும் கொடுப்பதாகச் சொன்னார். செல்வமுருகன் பாட்டை அதுவரை ஐம்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து கேட்டது கிடையாது. அந்த வாரம் அவன் கொண்டுவந்த சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை திருமலைச்சாமி புதுப் பலகை மாட்டிவிட்டார். கேரட்டில் மண் தங்குகிறது என்று மதுரை மண்டியில் குறை சொல்லியிருந்தார்கள். ஞாயிறு ஒரு நாள் மட்டும் கழற்றிக்கொள்ளலாமா என்று செல்வமுருகன் கேட்டான். மதுரைக்காரன் சொல்வதும் விமர்சனம்தானே என்று அவர் சொல்லிவிட்டார்.

“யோசிச்சுப் போட்டதுன்னே சொல்லு,” என்றான் ஜாசிம். “நாமதான யோசிச்சு அந்த டிரம்மு பக்கத்துல போயி உக்காந்தோம்?”

தன் சோலி அங்கே என்பதால்தான் தான் அங்கே உட்கார்ந்தது என்றான் செல்வமுருகன்.

சனிக்கிழமை நான் பூம்பாறைக்குப் போய்க் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டேன். பையனுக்கு மேடை கிடைக்க வேண்டும், அதற்காக அவன் பொய் சொல்லவும் கூடாது என்று கேட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டது என் பிசகு.

சென்னைக்காரர் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். டிரம் நாலு அடியும் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தாளத்தை எப்போது மாற்றினீர்கள் என்றார்.

“மாத்தல சார். பலகை ஒடஞ்சு கெடந்துச்சு. முந்தாநாளு முதலாளி புதுசு மாட்டிட்டாரு.”

சென்னைக்காரர் குனிந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், எங்களோடு உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். தான் எழுதியது புத்தகமாக வரப்போகிறது, அதைப் படித்துவிட்டுப் பலரும் அதே மாதிரி எழுதிவிட்டார்கள் என்று விளக்கினார். பலகை ஒடிந்ததில் தப்பில்லை, அதை வெளியே சொல்லாமல் இருந்தால் போதும், மேடை உங்களுக்குத்தான் என்றார்.

செல்வமுருகன் கையைத் துடைத்துக்கொண்டே, “மேடையில யாராச்சும் கேட்டா?” என்றான்.

“யாரும் கேக்க மாட்டாங்க தம்பி.”

“கேட்டாச் சொல்லிருவேன் சார்.”

ஜாசிம் எழுந்து வெளியே போய்விட்டான். நாங்கள் ஒரு பை கேரட் கொடுத்தோம். சென்னைக்காரர் அதை வாங்கிக்கொண்டு, அழைப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல் மலை இறங்கிவிட்டார்.

மேடை வேறு குழுவுக்குப் போனது. புத்தகமும் வந்தது. நொண்டி நடை அதில் அப்படியே இருந்தது, கொண்டை ஊசி என்ற பேர் மட்டும் இல்லை. ஜாசிம் இரண்டு மாதம் ஷெட் பக்கம் வரவில்லை. செல்வமுருகன் நாலு அடிக்கும் சேர்த்துப் பேசிப் பார்த்தான். மூச்சு வாங்க இடம் இல்லாமல் பாதியிலேயே நின்றுபோகும், திரும்ப ஆரம்பிப்பான்.

ஆனி மாதம் அவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸுக்கு நின்றவனுக்குத் திருநீறு பூசிவிட்டேன். பாட்டை விட்டுவிட மாட்டியே என்று கேட்டேன்.

“அங்கன மிஷினு எப்படிச் சத்தம் போடும்னு தெரியலக்கா,” என்றான். “மொதல்ல போயிக் கேக்கணும்.”