வீங்காத கால்

எங்கள் மாமா குடித்துக் குடித்தே செத்தார் என்று இன்றைக்கும் உறவில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் குடிக்கவில்லை. மலேசியாவில், கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் ஒரு கடல்பாம்பு அவரைக் கடித்தது. பார்த்தவள் நான். எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. அதனால் நான் பார்த்தது கணக்கில் சேரவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். எங்களோடுதான் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தார். ஒரு காலத்தில் குடித்தவர்தான், மறைப்பானேன்? ஆனால் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகு ஏழு மாதமாகத் தொடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறால் பிடிக்க என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். முழங்கால் ஆழச் சேற்றுத் தண்ணீரில் வலையைத் தள்ளிக்கொண்டே போனவர் சட்டென்று காலை உதறினார். வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்த ஒரு பாம்பு விலகிப் போனது. கணுக்காலில் இரண்டே புள்ளி, ரத்தம்கூட இல்லை.

"முள்ளு குத்துன மாதிரிதான் இருக்கு. தண்ணிப் பாம்புலா இது, வெசம் இல்ல" என்று சிரித்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இறால் பிடித்தார்.

திரும்பும்போது பாதி வழியில் அவரால் பெடலை மிதிக்க முடியவில்லை. தொடை கல்லாக இறுகிக்கொண்டது. சைக்கிளைத் தள்ளியபடி நடந்தோம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தாடை பூட்டிக்கொண்டு நாக்குக் குழறியது. இமைகள் பாதி மூடிக் கிடந்தன. நடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்களின் கோலம் அதுதானே! அப்பா வாசலிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இல்லப்பா, பாம்பு கடிச்சிருச்சி! நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

"மாமனுக்கு வக்காலத்தா? உள்ள போ" என்றார்.

அம்மா, சத்தியத்தை மீறிவிட்டானே என்று அழுதாள். தம்பியின் முகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இத்தனை பேர் கூடி நின்றார்களே, ஒருத்தராவது அவர் வாயை மோந்து பார்த்தார்களா?

நானே ஓடிப்போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைக் கூட்டிவந்தேன். நாகம் கடித்த கால்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவராம் அவர். கணுக்காலை அமுக்கினார்.

"பாம்பு கடிச்சிருந்தா இந்நேரம் காலு வீங்கி வெடிக்கணும். ஒன்னும் இல்லயே! நாளைக்கு வேலைக்கு வராமப் பொந்தேங் போட இது ஒரு சாக்கு" என்று இரண்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

சாயங்காலம் மாமாவால் எழுந்து கக்கூசுக்குப் போக முடியவில்லை. பல்லைத் திறக்க முடியாமலே என்னிடம் ஒரு டின் கேட்டார். அதில் விழுந்த மூத்திரத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். பால் ஊற்றாத கோப்பி நிறம். அம்மா கண்ணில் பட்டால், குடித்துக் குடித்துக் குடல் வெந்துவிட்டது என்று அதற்கும் ஒரு பாட்டுப் பாடுவாள். விடுவேனா? யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் கால்வாயில் கொட்டி, டின்னை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அடுத்த தடவையும் அப்படியே செய்தேன். மூன்றாம் தடவை இன்னும் கறுப்பாக, கொஞ்சமே வந்தது. அதையும் கொட்டினேன். அதற்கப்புறம் வரவே இல்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை அவர் முகம் ஊதி, மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் பெரியவர்களுக்குக் கண் திறந்தது. தோட்டத்து வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, மூத்திரம் என்ன நிறத்தில் போனது என்பதைத்தான். மாமாவால் வாயைத் திறக்க முடியவில்லை, அப்பாவுக்கு எங்கே தெரியும்? வீட்டுக்கு வந்து எங்களைக் கேட்டார்.

"சாதாரணமாத்தான் போச்சு" என்றேன் நான், அவரை முறைத்துக்கொண்டே. மாமாவைக் குடிகாரன் என்று சொல்ல இவர்களுக்கு இன்னொரு சாக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ரோஷம்.

வெள்ளிக்கிழமை மாமா இறந்துபோனார். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டதாம். குடிதான் காரணம் என்று தோட்டமே பேசியது.

பெரியவளான பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடல்பாம்பு கடித்த இடம் வீங்காது, வலிக்காது. அந்த விஷம் உடம்பிலுள்ள தசைகளை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். சிதைந்தது ரத்தத்தில் கலந்துபோய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். மூத்திரம் கறுத்துப் போவதுதான் அதற்கு அடையாளம். அன்றே கொண்டுபோயிருந்தால் காப்பாற்ற வழி இருந்தது என்றார். அப்பா மேலும் டிரஸ்ஸர் மேலும் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் மாமா குடிக்கவில்லை, அவரைக் கடித்தது பாம்புதான் என்று காட்ட அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மூன்று தடவையும் கால்வாயில் கொட்டியவள் நான்.