ஏழு மணி என்றால் ஏழு மணிதான்: மொன்றியலில் ஒரு ஹார்ட் ராக் மாலை

கனடாவின் மூத்த ஹார்ட் ராக் குழுக்கள் மூன்று. மூன்றிலும் முன்னால் நின்று பாடுவது பெண்கள். ஒரே மேடை, மொன்றியல். கடந்த வசந்தகாலத்தில் இந்த விளம்பரத்தைப் பார்த்த அன்றே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்று எனக்கு, மற்றது மொன்றியலின் வில்லரே பகுதியில் இருக்கும் என் மச்சாள் வசந்திக்கு. அவளுடைய சம்மதத்துக்குக் காத்திருந்தால் டிக்கெட் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். எனக்கும் மச்சாளுக்கும் ஒரே வயது, ஐம்பதைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் இருவரும் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினோம். அங்கிருந்த ரேடியோவில் ஒரு பெண் தொண்டை கிழியப் பாடுவாள். எங்களுக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. ஆனால் அவளுடைய கோபம் மட்டும் நன்றாக விளங்கியது. ஒருநாள் இவளை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொள்வோம். அவள் மொன்றியலுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு வேலை இருக்கும். பிறகு நான் கலியாணம் கட்டி ஸ்காபரோவுக்கு வந்துவிட்டேன். மச்சாள் அதே குசினியில் சமையல்காரி ஆனாள். சனிக்கிழமை மாலை லீவு கேட்கிற பழக்கமே அவளுக்கு இல்லை. விளம்பரத்தில் இருந்த மூவரில் அந்தப் பாடகியும் ஒருத்தி. அவளுக்கு இப்போது எழுபது வயது நெருங்குகிறது, இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம் என்று குழுவே அறிவித்துவிட்டது. இந்த முறை தவறவிட்டால் பிறகு இல்லை.

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் சுமார் 540 கிலோமீட்டர். காலை எட்டு மணி பஸ், ஒரு வழிக்கு 62 டொலர். கிங்ஸ்டனில் இறங்கிக் கால் நீட்டலாம், ஆனால் கோப்பி வரிசையில் நின்று பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். பிற்பகல் இரண்டரைக்கு இறங்கினேன். மச்சாள் ஒருவழியாக லீவு எடுத்திருந்தாள். ஜான்-டலோன் சந்தையில் கணவாய் வாங்கி வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். வந்த ஆளைச் சாப்பிட வைக்காமல் அவள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது.

இங்கேதான் இருவரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். எங்கள் விழாக்களில் கார்டில் ஏழு மணி என்று போட்டால் எட்டரைக்குத்தான் விளக்கேற்றுவார்கள். சின்ன ஆட்கள் முதலில் பாடுவார்கள், பெரிய ஆள் கடைசியில் வருவார். மூன்று குழுக்களில் எங்களவள்தான் வயதில் மூத்தவள், ஆகவே எப்படியும் ஒன்பதரைக்குப் பிறகுதான் மேடையேறுவாள் என்று இருவருமே முடிவுகட்டியிருந்தோம். ஆறேகாலுக்கு மச்சாள் இடியப்பத்தட்டை மேசையில் வைத்தாள். நான் போனில் டிக்கெட்டைத் திறந்தேன். அரங்கத்தார் அன்று காலையில் நிகழ்ச்சி ஒழுங்கைப் போட்டிருந்தார்கள். எங்களவள்தான் முதலில், சரியாக ஏழு மணிக்கு.

நான் எழுந்துவிட்டேன். மச்சாள் அகப்பையோடு அப்படியே நின்றாள். சாப்பிடாமல் போகக் கூடாது, நீ மட்டும் போ, நான் வந்து என்ன விளங்கப்போகுது என்று அடுக்கினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலில் சப்பாத்தைப் போடு என்று ஒரே அதட்டல். அவள் இடியப்பத்தையும் கணவாய்க் கறியையும் ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

ஜான்-டலோன் மெட்ரோவில் செம்மஞ்சள் பாதை, பெரி நிலையத்தில் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். ஒருவருக்கு மூன்றே முக்கால் டொலர். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க அரங்க வாசலில் நின்றோம். அங்கே காவலாளி டப்பாவைப் பார்த்துத் தலையாட்டினான். வெளிச் சாப்பாடு உள்ளே வர முடியாதாம். மச்சாளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் பார்த்தேன்.

"நீ போய்ப் பார், மச்சாள். நான் இதோட வெளியில நிக்கிறன்."

"நீ இவ்வளவு காலமும் வெளியில நிண்டது காணும். திற அதை."

நடைபாதையில் நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டோம். வரிசையில் பின்னால் நின்ற, தோல் ஜாக்கெட் போட்ட ஒரு வயதான தம்பதிக்கும் நீட்டினோம். மனிதர் உறைப்பில் கண்கலங்கியபடி மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னார். காலி டப்பாவுக்குக் காவலாளியிடம் தடை இல்லை.

நாங்கள் உள்ளே கால் வைக்கவும் விளக்கு அணையவும் சரியாக இருந்தது. முதல் அடியிலேயே டிரம்ஸ் நெஞ்சுக்குள் இறங்கியது. பிறகு அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் விலக்கி, மேடைக்கு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

நாலாவது பாட்டு முடிந்ததும், தங்களை முதல்தடவையாகப் பார்க்கிறவர்கள் யார் என்று பாடகி பிரெஞ்சில் கேட்டாள். அங்கங்கே சில இளசுகள் கைதூக்கினார்கள். மச்சாள் இரண்டு கையையும் தூக்கினாள். பாடகி குனிந்து பார்த்துச் சிரித்து, இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள் என்றாள். மச்சாள் தன் குசினிப் பிரெஞ்சில், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"குசினியில, மடாம். முப்பது வருசம்."

சனம் ஆர்ப்பரித்தது. பாடகி சிரிப்பை நிறுத்திவிட்டு மச்சாளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு டிரம்ஸ்காரரிடம் ஏதோ சொல்ல, நாங்கள் கோப்பை கழுவும்போது கேட்ட அந்தப் பாட்டு தொடங்கியது. உச்சஸ்தாயி வந்த இடத்தில் அவள் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினாள். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். சுருதி சேரவில்லை. யாருக்கு என்ன?

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நின்று பார்க்கும் டிக்கெட் 85 டொலர், கதிரை டிக்கெட்டை விட மலிவு, முன்னாலும் போகலாம். மச்சாள் தன் வேலைச் சப்பாத்தைப் போட்டு வந்தாள், வழுக்காது, கால் நோகாது. நான் புதுச் சப்பாத்தில் வந்து அவதிப்பட்டேன். காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். யார் எத்தனை மணிக்கு என்பதை அன்று காலையே அரங்கத்தின் இணையப் பக்கத்தில் பாருங்கள், நம் ஊர் விழாக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். உங்கள் குடும்பத்திலும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற ஒருத்தி இருப்பாள். அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருக்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

ஸ்காபரோ திரும்பிய அடுத்த வாரம் மச்சாள் எனக்குப் போன் எடுத்தாள். காது இன்னும் இரைகிறது என்றாள். பிறகு சொன்னாள்:

"சனிக்கிழமை பின்னேரம் இனி வரேலாது எண்டு முதலாளியிட்டைச் சொல்லிப்போட்டன். அப்ப ஆர் சமைக்கிறது எண்டு கேட்டார். அது உங்கட பாடு எண்டன்."