சாதிக் பாய் வாங்கிச் சாப்பிட்ட குஸ்கா

ஜூலை பதினான்கு, ஞாயிறு, காலை ஏழு பத்து. கச்சிராயபாளையம் சாலையோர ஏரிக்கரையில் மரக்கன்று நட நூற்றிருபது குழிகள் தயார். டீ கொண்டுவருவதாகச் சொன்ன சாதிக் பாயை மட்டும் காணவில்லை. திட்டுவதற்காகவே போன் போட்டேன். அவர் மகள் ஷாஹிதா எடுத்தார்.

"அத்தா விடியக்காலைல மவுத்தாயிட்டாருண்ணே. நெஞ்சு வலி."

அவரே தொடர்ந்தார்: "அடக்கம் சாயங்காலந்தான். கன்னுங்கள வெயில்ல போட்டுட்டு வந்துடாதீங்க. நட்டுட்டு வாங்க."

நட்டுவிட்டுத்தான் போனோம்.

கள்ளக்குறிச்சியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர் பாய். நான் சிவில் படித்தவன். எங்கள் மரம் நடும் குழுவில் குழி, இடைவெளி, தண்ணீர் என் பொறுப்பு. ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. எனக்கு மனிதர்களிடம் பேச வராது. அவருக்கு நேரத்துக்கு வர வராது. முதல் கூட்டத்திலேயே சண்டை. நடுகிற அன்றே பிரியாணி போட்டால் கூட்டம் வரும் என்றேன்.

"இன்னா தம்பி நீ? அன்னிக்கே போட்டா துன்னுட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருப்பான். தண்ணி எவன் ஊத்துவான்? நடும்போது டீயும் பன்னும். பிரியாணி சித்திரைல. அவனவன் கன்னு உசுரோட இருந்தா கறிப் பீசு. பட்டுப்போனா வெறும் குஸ்கா."

குஸ்காவுக்கு எவன் பயப்படுவான் என்று சிரித்தேன். பயந்தார்கள். ஊர் பார்க்கப் பீஸ் இல்லாத தட்டோடு உட்கார யாருக்கும் மனமில்லை. பங்குனி வெயிலில் குடத்தோடு அலைந்தார்கள்.

போன சித்திரையில் பாயின் நாவல் கன்றுதான் மொட்டையாக நின்றது. தின்றது, பக்ரீத்துக்காக அவரே வளர்த்த ஆடு. பரிமாறிய மெக்கானிக் செல்வம் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பாய், அந்த ஆட்டையே இன்னிக்கு அண்டால போட்டிருக்கலாமே!"

"அது பக்ரீத் கணக்கு, இது குஸ்கா கணக்கு. போடுய்யா."

என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவருக்கு வைத்தேன். திருப்பி என் தட்டிலேயே வைத்தார். "சட்டம் போட்டவனே மீறுனா, நாளைக்கு எவன் தண்ணி ஊத்துவான்?" பிறகு குஸ்காவையே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று பந்தியில் அவரைவிடச் சந்தோஷமாகச் சாப்பிட்டவர் இல்லை.

இம்முறை ஆடு எட்டாத வேலியோரக் குழியைத் தனக்கு ஒதுக்கச் சொல்லியிருந்தார். அன்று காலை அதில் அவருக்கான நாவல் கன்றை நான் நட்டேன்.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது செல்வம் என்னை ஓரமாக நிறுத்தினார். "தம்பி, சித்திரைப் பந்தி உண்டா, இல்லியா? இல்லன்னா பசங்க தண்ணி ஊத்த வரமாட்டானுங்க. அப்பறம் இவ்ளோ கன்னும் போச்சு."

"உண்டு" என்றேன். யாரையும் கேட்காமல்தான் சொன்னேன். மறுவாரம் ஷாஹிதாவிடம் தயங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னபோது, "அண்டா நம்மளுது. ஆளுங்கள நீங்க புடிங்க" என்றார்.

பாயின் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் குஸ்கா சட்டம். அதை வைத்து இனி நான் செய்யப்போவது:

1. ஞாயிறுதோறும் நானே போன் செய்து எல்லோரையும் கூப்பிடுவேன். திட்ட மாட்டேன், முயல்கிறேன்.
2. பாயின் நாவலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் என் கன்றுக்கு.
3. சித்திரையில் அவர் அண்டாவிலேயே பிரியாணி.
4. அவர் கன்று தழைத்திருந்தால் அவர் பங்குப் பீஸ் ஷாஹிதாவுக்கு. பட்டுப்போயிருந்தால், என் கன்று எப்படி இருந்தாலும், எனக்குக் குஸ்கா.