போட்டோவில் இல்லாத கழுத்து

இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்தச் சில வருடங்களில் என் பிழைப்பு கட்சித் தலைவர்களின் சிமெண்டுச் சிலைகளில்தான் ஓடியது. எந்தக் கட்சியானாலும் தலைவர் தோளில் துண்டு இருக்கும். பின்கழுத்தைச் செய்யும் வேலையே இல்லை. அந்தச் சௌகரியம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலையின் தொழிலாளர்கள், இறந்துபோன தங்கள் சங்கத் தலைவருக்கு மார்பளவு வெண்கலச் சிலை கேட்டு வந்தார்கள். எனக்கு அதுதான் முதல் வெண்கலம். இது நன்றாக அமைந்துவிட்டால் இனி சிமெண்டைத் தொடவே வேண்டாம் என்று ஒரு வெறி. அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு போட்டோ. தூக்கிய புருவம், உதட்டோரத் தழும்பு என்று எதையும் விடாமல் களிமண்ணில் கொண்டுவந்தேன். முடிந்ததும் சங்கச் செயலாளர் தலைவருடைய மனைவியை அழைத்துவந்தார்.

செயலாளர் பார்த்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். அங்கே அவர் முகம் வாடிவிட்டது.

"இது அவரு இல்லப்பா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டினேன். சிலையைச் சுவரோரமாகத்தானே வைக்கப்போகிறோம், பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று செயலாளர் சமாதானம் சொன்னார்.

"நான் பாப்பேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து சைக்கிள் கேரியர்ல குந்திக்கினு இந்தக் கழுத்தத்தானே பாத்துக்கினு போனேன்?"

பெரிய மார்க்கெட்டில் அந்த அம்மாவுக்குப் பூ வியாபாரம். தினமும் அங்கே இறக்கிவிட்டுத்தான் கணவர் மில்லுக்குப் போவாராம். "குந்திட்டேன், போலாம்" என்று இவர் சொல்லாமல் பெடலை மிதிக்கவே மாட்டாராம்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. களிமண்ணை நனைத்து, நீங்களே காட்டுங்கம்மா என்றேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். நடுவில் ஒரு பள்ளம், கீழே இரண்டு மடிப்பு, காதுக்குப் பின்னால் ஒரு மரு. அவர் விரல் போன வழியில் என் விரலும் போயிற்று. நடுநடுவே சிரித்தார், அழவும் செய்தார்.

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் வெண்கலம் ஊற்றி அச்சை உடைத்தபோது நான் முதலில் தேடியது அந்த மருவைத்தான். இருந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்குப் போனால், பீடம் சுவரை விட்டு நன்றாக முன்னால் தள்ளி நின்றது. செயலாளரே ஆள் வைத்து நகர்த்தினாராம். வந்தவர்களில் ஒருவர் தன் அப்பாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

மாலை போட அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். போட்டார். பின்னால் சுற்றிப் போய், கழுத்தை மறைத்த பூவைச் சற்றுக் கீழே இறக்கிவிட்டார். பிறகு சிலையின் தோளில் கை வைத்தார். அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"குந்திட்டேன், போலாம்."